அந்நியப் பொருள்

எங்கள் வீட்டில் தனிக்குடித்தனம் கணினிக்குள் நடக்கிறது. ஒரே பெட்டி, ஒரே திரை. உள்ளே இரண்டு இயங்குதளங்கள்: மாமியாருக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ். கல்யாணமான புதிதில் யாருடைய கணினியை வைத்துக்கொள்வது, யாருடையதை விற்பது என்று பேச்சு தடித்தது. என் வீட்டுக்காரர் ஒரே பெட்டியின் வன்வட்டை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிட்டு நைசாக நழுவிவிட்டார். பல் மருத்துவமனையில் பல் கட்டுகிறவர் அவர். வலிக்காமல் வேலையை முடிக்கத் தெரியும்.

பெட்டியை இயக்கினால் முதலில் ஒரு பட்டியல் வரும். இரண்டே வரி. அத்தை பக்கம் போகவா, என் பக்கம் போகவா என்று கேட்கும். அதுதான் எங்கள் பொது வாசல்.

அத்தை குழந்தைத் துணிகளுக்கான வெட்டு மாதிரிகள் வரைந்து இணையத்தில் விற்கிறார். ஒருமுறை ஏதோ வைரஸ் புகுந்து அத்தனை மாதிரிகளையும் பூட்டிப் போட்டது. ஒன்றுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. அன்று முழுக்க அத்தை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். அதன்பிறகு ஒரு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டார். அது சொல்வதுதான் இந்த வீட்டில் வேதவாக்கு. காலையில் எழுந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முழுப் பரிசோதனை நடத்துவார். சிவப்பாக எதுவும் வராவிட்டால் முகம் வாடிவிடும்.

என் பக்கத்துக்கு ஏன் காவல் இல்லை என்று என்னையும் துளைப்பார். எனக்கு அவ்வளவாகத் தேவைப்படாது என்று சொன்னால், திமிர் என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அவரைக் குடைந்தது வேறு. என் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் கோப்புகள் தெரியும். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் என் பக்கம் வெறும் சுவர்.

நான் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் அடுத்தவர் பாட்டுக்குச் சத்தம் கூட்டிக் குறைக்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாகத் திறக்கப்போகிற ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு முன்னால் ஒலிக்க ஒரு சின்ன இசைத்துணுக்கு கேட்டிருந்தார்கள். நான் ஒன்று செய்து வைத்திருந்தேன். என் பெயரில் வெளியே போகும் முதல் வேலை. நண்பகலுக்குள் அனுப்பியாக வேண்டும். காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து பெட்டியை இயக்கினேன். பட்டியல் வரவில்லை. நேராக அத்தை பக்கம் திறந்தது. அணைத்து மறுபடி இயக்கினேன். மறுபடியும் அத்தை பக்கம்.

அத்தை பின்னால் வந்து நின்று பெருமையாக விவரம் சொன்னார். வட்டின் ஆரம்பத்தில் ஒரு அந்நியப் பொருள் ஒளிந்திருந்ததாம். ஆன்டிவைரஸின் புதிய பதிப்பு அதைக் கண்டுபிடித்ததாம். ‘சரிசெய்’ என்று ஒரு பொத்தான் வந்ததாம், அழுத்திவிட்டாராம். அந்த அந்நியப் பொருள்தான் எங்கள் வாசல். என் வீடு உள்ளே பத்திரமாக இருந்தது. வாசலைத்தான் காணோம்.

“அது வைரஸ் இல்ல அத்தை. நான் உள்ள போற வழி அது,” என்றேன். கோபமாகத்தான் தொடங்கினேன், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. இன்றைக்கு அந்த இசையை அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், திரும்பவும் சுருட்டினார்.

வழி இருந்தது. பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதைக் கொண்டு பெட்டியை இயக்கினால் வாசலைத் திரும்ப வைத்துவிடலாம். ஆனால் பென்டிரைவைத் தயார்செய்ய அத்தை பக்கத்தை விட்டால் வேறு கதியில்லை. அதற்கான நிரலை இறக்கினேன். ஆன்டிவைரஸ் அதைத் தூக்கிக் கடாசியது. மறுபடி இறக்கினேன், மறுபடி கடாசியது. அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் வளர்ப்பு வேறு எப்படி இருக்கும்?

“கொஞ்ச நேரம் காவலை நிறுத்தணும் அத்தை.”

அந்த வைரஸுக்குப் பிறகு அத்தை முதலிலிருந்து வரைந்த மாதிரிகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. வாங்கிய நாளிலிருந்து அவர் அந்தக் காவலை ஒரு நிமிடம்கூட நிறுத்தியதில்லை. அதன் கடவுச்சொல்லைப் பெற்ற மகனுக்கே சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஏன் திரும்பிக்கிற? பாத்து வச்சுக்கோ. நான் மறந்துட்டா யார் சொல்லுவா?” என்று என் கண்ணெதிரே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று ஆன்டிவைரஸ் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆமாம் என்று அத்தை அதை அதட்டினார்.

பென்டிரைவ் தயாரானது. அதைக் கொண்டு பெட்டியை இயக்கி வாசலைத் திரும்ப வைத்தேன். அந்த இரண்டு வரிகள் திரையில் வந்தபோது இருவரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டோம். அனுப்புவதற்கு முன் இசையை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். இதற்கா இத்தனை பாடு என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார். அடுப்படிக்குப் போகும்போது அதையேதான் முணுமுணுத்துக்கொண்டு போனார். ஒரே தடவை கேட்டது ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்கு ஆகாயத்தில் பறப்பது போல இருந்தது. பிற்பாடு நிலையத்துக்காரர்களும் அதையேதான் தேர்ந்தெடுத்தார்கள். அத்தை இப்போதெல்லாம் ரயிலுக்கு வெகு முன்னாலேயே போய் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறார்.

அன்று பிற்பகல் அத்தை தன் பக்கம் போய்க் காவலைத் திரும்ப இயக்கினார். கையோடு முழுப் பரிசோதனையும் தொடங்கினார். திரை சிவந்தது. நான் பதறி ஓடினேன். வட்டின் ஆரம்பத்தில் அந்நியப் பொருள் என்று அதே எச்சரிக்கை. கீழே ‘சரிசெய்’, ‘விட்டுவிடு’ என்று இரண்டு பொத்தான்கள். மவுஸ் அத்தை கையில் இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“அந்நியமாம்ல, அந்நியம்,” என்றார் திரையைப் பார்த்து. “அவ எங்க வீட்டுப் பொண்ணு.”

‘விட்டுவிடு’ என்பதை அழுத்தினார். இனி எப்போதும் கேட்காதே என்ற கட்டத்திலும் ஒரு டிக் போட்டார்.