கானமயிலைக் கண்டவர்

2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் காலையில் மெல்லிய மூடுபனி காணப்பட்டது. எட்டு மணிக்குமேல் வானம் தெளிந்தது. நண்பகலில் வெயில் கடுமையாயிற்று. காற்று இல்லை. மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

அன்று மாலை ஐந்தரை மணிக்குப் பழங்காநத்தம் சமுதாயக் கூடத்தில் எங்கள் முதியோர் மாலை வகுப்பின் ஆண்டு விழா நடைபெறவிருந்தது. அழைப்பிதழில் நான்காவது நிகழ்ச்சி இவ்வாறு அச்சிடப்பட்டிருந்தது: ‘பாலைவனத் தேசியப் பூங்காவில் கானமயிலைக் கண்டு வந்த திருமதி ரங்கநாயகி அவர்களின் பயண உரை.’ அந்த ரங்கநாயகி நானே. அவ்வரியில் ஒரு பிழை இருந்தது. அஃது எழுத்துப் பிழையன்று. நான் கானமயிலைக் காணவில்லை.

நான் தையற்கடை நடத்துபவள். எங்கள் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்க் குஜராத்திலிருந்து மதுரைக்கு வந்தவர்கள். வீட்டில் இன்றும் சௌராஷ்டிர மொழிதான் பேசுகிறோம். தமிழ் எழுத்துகளை நான் ஐம்பதாம் வயதில் கற்றேன். ஐம்பத்தைந்தாம் வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினேன். தமிழில் எழுபத்தெட்டு மதிப்பெண். இதைக் குறிப்பிடுவது தற்பெருமைக்காகவன்று, உண்மை என்பதற்காகவே.

சமூக அறிவியல் துணைப்பாடத்தில் ஒரு பக்கம் என்னை ஈர்த்தது. இந்தியாவின் மேற்கு எல்லையில், இராஜஸ்தான் மாநிலத்தில், மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மிகுந்த பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அங்கே கானமயில் என்னும் அரிய பறவை வாழ்கிறது. அருகில் அப்பறவையின் படமும் இருந்தது. ஆனால் அச்சு மை பரவி, அது ஈரத்துணியில் விழுந்த கறைபோல் தோன்றியது. எனினும் எனக்குப் படம் தேவைப்படவில்லை. கானம் என்பது காடு. எனவே கானமயில் என்பது காட்டு மயிலாகும். இவ்வாறு நானே சொல்லைப் பிரித்துப் பொருள் கண்டேன். ஆசிரியர் தேவிகாவிடமும் வினவவில்லை. வகுப்பில் எழுந்து நின்று, ‘கானமயிலைக் காணாமல் நான் மதுரைக்குத் திரும்பேன்’ என்று அனைவர் முன்னிலையிலும் உறுதி கூறினேன்.

என் கணவரின் தம்பி பத்ரிநாத் இதைக் கேட்டு நகைத்தார்.

“ஏன் அண்ணி, மயிலு பாக்க ராஜஸ்தான் போகணுமா? திருப்பரங்குன்றம் பஸ்ல ஏறினாப் பத்து ரூவாயில முடிஞ்சிருமே!”

“அது ஊர் மயில். இது காட்டு மயில்” என்றேன்.

“காட்டு மயிலுக்கு என்ன, கொம்பா மொளச்சிருக்கு?”

துணைக்கு வர எவரும் இசையவில்லை. இறுதியில் அன்னக்கொடி முன்வந்தார். அவர் டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் பருத்தி பயிரிட்டவர். இப்போது பழங்காநத்தத்தில் மகள் வீட்டில் தங்கி, எங்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவர்.

“நான் வாரேன்க்கா. அம்புட்டுத் தூரம் ஒத்தையில போகாதீக” என்றார்.

சனவரி மாதம் புறப்பட்டு, மூன்றாம் நாள் ஜெய்சல்மேரை அடைந்தோம். வண்டி ஓட்டி வழிகாட்ட விக்ரம் என்பவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது; எங்களுக்கு இந்தி தெரியாது. ஆயினும் எங்கள் வீட்டு மொழியில் தண்ணீரைப் ‘பானி’ என்போம். நான் அச்சொல்லைக் கூறியவுடன் அவர் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். அக்கணமே மொழிபெயர்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

பாலைவனம் என்பது வெறும் மணல் என்றே எண்ணியிருந்தேன். அது தவறு. மணற்குன்றுகள் ஒரு சிறு பகுதியே. எஞ்சிய நிலம் முழுவதும் புல்வெளி. இடுப்பளவு வளர்ந்த புல், பொழுது விடியும்போது பொன்னிறமாக அசைந்தது. அதன் நுனிகளில் பனித்துளிகள் இருந்தன. மழை அரிதாகப் பெய்யும் நிலத்தில் ஒவ்வொரு துளியும் ஒரு விளக்குப்போல் ஒளிர்ந்தது. மணற்குன்றின் மீது காற்று வரைந்த கோடுகள், நான் கொசுவம் மடித்து இஸ்திரி போட்ட பட்டுப்போல் வரிசை தவறாமல் இருந்தன. ஒரு நரி அக்கோடுகளின்மேல் ஓடியது. அதன் காலடித்தடம் ஒற்றை நூலில் தைத்ததுபோல் நேராகச் சென்றது. நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிமரம் அங்கே வேலியின்றி, காவலின்றி, தன் விருப்பப்படி நின்றது. எருக்கும் பூத்திருந்தது. அன்னக்கொடி எருக்கைக் கண்டதும், “இது எப்ப ரயிலேறுச்சு?” என்று வியந்தார்.

காலை ஏழரை மணியளவில் ஒரு வன்னிமரத்தின் அடியில் ஆண்மயில் ஒன்று தோகையை இழுத்தபடி நடந்து வந்தது. காட்டில் நிற்கும் மயில்! வேறென்ன சான்று வேண்டும்? நான் வண்டியின் வலப்புறம் சாய்ந்து அதையே நோக்கினேன்.

அப்போது விக்ரம் இடப்புறம் சுட்டி, அடங்கிய குரலில், “கோடாவண்! கோடாவண்!” என்றார்.

“என்னக்கா சொல்றாரு?” என்று அன்னக்கொடி வினவினார்.

எங்கள் வீட்டு மொழியில் ‘கோடோ’ என்றால் குதிரை. ஆகவே தயக்கமின்றி விடையளித்தேன்.

“அந்தப் பக்கம் குதிரை நிக்குதாம். அத விடு. இங்க பாரு, மயிலு!”

“குதிரையா? ரெண்டு காலுலயில்ல நிக்குது! கோழி மாதிரி இருக்குக்கா. ஆத்தீ, எம்புட்டு உசரம்!”

“பாலைவனத்துக் கோழி அப்படித்தான் இருக்கும். சத்தம் போடாத, மயில் ஓடிரப் போகுது.”

விக்ரம் என் தோளைத் தொட்டு, மயிலைக் காட்டிக் கையை விரித்து, “மோர், மோர்” என்றார். அவர் மொழியில் அது மயில் என்பதை நான் உணர்ந்துகொண்டு மகிழ்ச்சியுடன் தலையசைத்தேன்.

“இந்தக் குளிருல மோரா? காப்பியிருந்தாக் கேளுங்கக்கா” என்றார் அன்னக்கொடி. ஆனால் அவர் பார்வை இடப்புறத்தை விட்டு அகலவேயில்லை. நான் இருபது நிமிடம் மயிலைப் பார்த்தேன். அவர் இருபது நிமிடம் அந்தக் கோழியைப் பார்த்தார். மறுநாள் எங்களுக்குத் திரும்பும் தொடர்வண்டி.

மதுரை வந்ததும் வெற்றியை அறிவித்தேன். அழைப்பிதழ் அச்சாயிற்று. விழாவுக்கு நான்கு நாள் முன்பு, உரைக்குப் பின்னால் திரையில் காட்டுவதற்காகத் தேவிகா தம் கைப்பேசியில் ஒரு வண்ணப் படத்தைத் திறந்தார். நெடிய வெள்ளைக் கழுத்து, தலையில் கருங்கொண்டை, பழுப்பு உடல், மயிலுக்குரிய தோகை இல்லை. கீழே ‘கானமயில்’ என்றும், அதனடியில் ‘இராஜஸ்தானில் கோடாவண்’ என்றும் எழுதியிருந்தது. நான் இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஐந்து ஆண்டுகளாக அவ்வாறு படித்ததில்லை.

அன்று பத்ரிநாத்திடம் மட்டும் கூறினேன். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு இரக்கத்துடன் சொன்னார்.

“பாத்தேன்னே சொல்லிருங்க அண்ணி. யாரு ஜெய்சல்மேர் வரைக்கும் போய் விசாரிக்கப் போறா? அன்னக்கொடிக்கே தெரியாது.”

அவர் கூறியது உண்மை. அன்னக்கொடிக்குத் தெரியாது. உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ள ஒரு பறவையைத் தாம் கண்டார் என்பது அவருக்கே தெரியாது. என் உறுதிமொழி பொய்த்தது என் குற்றம். அதை நான் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர் கண்டதை நான் எடுத்து என் பெயரில் வைத்துக்கொள்வதா? நான்கு இரவும் எண்ணிப் பார்த்தேன். பின்னர் முடிவு செய்தேன்.

கூடத்தில் ஏறத்தாழ அறுபது பேர் அமர்ந்திருந்தனர். என் முறை வந்தபோது மணி ஆறு பத்து. தாளைப் பார்க்காமல் பேசினேன். புல்வெளியைச் சொன்னேன்; பனித்துளியையும் மணலில் காற்று வரைந்த கோடுகளையும் நரியையும் வன்னியையும் சொன்னேன். கைதட்டல் எழுந்தது. தேவிகா திரையில் அப்பறவையின் படத்தை ஒளிரச் செய்தார்.

“இதுதான் கானமயில்” என்றேன். “அழைப்பிதழில் உள்ள செய்தி தவறானது. இதை நான் காணவில்லை.”

முன்வரிசையில் பத்ரிநாத் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

“இது எனக்கு இடப்பக்கத்தில் நின்றது. நான் வலப்பக்கத்தில் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி இதன் பெயரைச் சொன்னபோது, குதிரை என்று மொழிபெயர்த்தேன். கண்டவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்னக்கொடி, மேடைக்கு வருக.”

“யாரு, நானா?” அன்னக்கொடி எழுந்து திரையை உற்று நோக்கினார். “அட! நம்ம கோழி! அக்கா, இதத்தான் குதிரைன்னீக!”

கூடம் வெடித்துச் சிரித்தது. எவரோ பின்வரிசையிலிருந்து, “குதிரைக்கு றெக்கை மொளச்சிருச்சாக்கா?” என்று கூவினார். நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி, அச்சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை நிமிர்ந்து நின்றேன். அடங்கச் சற்று நேரமாயிற்று.

அன்னக்கொடி மேடையேறினார். ஒலிவாங்கியை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனவே அதை நானே அவர் வாயருகே பிடித்தேன்.

“எனக்கு என்ன பேசத் தெரியும்?” என்றார் மெல்ல.

“பாத்தத சொல்லு. அம்புட்டுத்தான்.”

அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“அது ஓடலைங்க. எங்க வண்டியப் பாத்துச்சு, பாத்துட்டு, சரி போங்கன்னு விட்டுருச்சு. ஒரு கால எடுத்து வச்சா, மறுகால எடுக்க யோசிக்கும். காட்டுக்குச் சொந்தக்காரரு காலையில வெள்ளாமையப் பாத்துக்கிட்டே வரப்புல நடப்பாருல்ல, அப்பிடி. கழுத்து, இப்பத்தான் வெளுத்து மடிச்ச வேட்டி கெணக்கா. புல்லுக்குள்ள குனிஞ்சா முதுகு மட்டும் தெரியும், நிமுந்தா, அந்தப் புல்லே கொஞ்சம் எந்திரிச்சு நின்ன மாதிரி இருக்கும்…”

முன்வரிசையில் பத்ரிநாத் நெற்றியிலிருந்து கையை எடுத்துவிட்டார். தேவிகா அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாயிற்று என்று சைகை காட்டினார். நான் தலையசைத்து மறுத்தேன். அன்னக்கொடி அது பூச்சி பிடித்ததைச் சொன்னார். கதிரவன் ஏறியபோது அதன் நிழல் புல்லின்மீது விழுந்ததைச் சொன்னார். அது வேகமெடுத்து ஓடி, கனத்த சிறகை விரித்து, தரையை விட்டு எழுந்த விதத்தைக் கையால் காட்டினார். அது எழுந்ததை நான் அறிந்தது அப்போதுதான். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் மற்றவர்களோடு சேர்ந்து நானும் முதன்முறையாகக் கேட்டேன். என் கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன்.

“அப்புறம் போயிருச்சுங்க” என்று கூறி அவர் நிறுத்தியபோது, மாலை மணி ஆறு நாற்பத்தேழு.