எண்பது டிகிரி வரை

ஃபேன் சத்தத்தை அடக்கியது சித்தார்த்தான். இதில் வேறு யார் மேலும் பழி போட முடியாது.

செம்மங்குப்பத்தில் அவன் தங்கை ரேகாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கெமிக்கல் கம்பெனி. காற்றில் வாடை வந்தால் அவளுடைய ஒரு வயதுப் பிள்ளை செம்பியனுக்கு மூச்சு வாங்கும். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். அதனால் சிதம்பரத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சித்தார்த், ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, மாடியில் கேஸ் சென்சார் மாட்டி, இரண்டையும் இணைத்துக் கொடுத்தான். சென்சார் காட்டும் கேஸ் அளவு முப்பதைத் தொட்டால் அந்த லேப்டாப் பெட்டி கத்தும். தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடும். ஆறு மாதத்தில் மூன்று தடவை சரியாகக் கத்தியது. அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் மூக்கை நம்பவில்லை, பெட்டியைத்தான் நம்பினார்கள்.

“பொட்டியோட ஃபேனு மாவு மெஷினாட்டம் இரையுதுண்ணா. புள்ள தூங்கவே மாட்டேங்குறான்” என்று ரேகா போனில் புலம்பினாள். தங்கை கேட்டு இல்லை என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. கடையில் உட்கார்ந்தபடியே நெட் வழியாக அந்த லேப்டாப்புக்குள் நுழைந்து, எண்பது டிகிரி வரை ஃபேன் ஓடக்கூடாது, தாண்டினால் முழு வேகம் என்று எழுதிவைத்தான். சூடு வெளியேற வழி இருக்கிறவரை அந்தக் கணக்கு சரிதான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், “பொட்டிக்கும் சந்தனம் வெச்சிடு. ஒம் புள்ளயக் காப்பாத்துற ஆயுதமே அதான்” என்று வேறு சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், பாவி.

பூஜையன்று மத்தியானம் கடையில் பொரி பங்கிட்டுக்கொண்டே போனைப் பார்த்தான். ரேகா வீட்டு லேப்டாப்பின் சூடு எண்பத்திரண்டு. ஃபேன் முழு வேகத்தில் ஓடுவதாகக் காட்டியது. ஓடியும் சூடு இறங்கவில்லை. எண்பத்தொன்பது. ஃபேன் சுற்றும்போது சூடு எப்படி ஏறும்?

எதிரே மேசையில் அவனுடைய ஸ்க்ரூடிரைவர்கள் சந்தனப் பொட்டோடு கிடந்தன. பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. ரேகாவுக்கு எதிலும் தாராளக் கை. பொட்டாக வைத்திருக்க மாட்டாள், பட்டையாக அப்பியிருப்பாள். லேப்டாப் விளிம்பில் காற்றுப் போகும் துளைகளின் மேலேயே.

தொண்ணூற்றாறு. அதுவரை சும்மா கிடந்த கேஸ் எண்ணும் அசைந்தது. பன்னிரண்டு. இருபது. இருபத்தேழு. அத்தோடு இணைப்பு அறுந்தது. சூடு தாங்காமல் லேப்டாப் தானாகவே அணைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது தடவைதான் ரேகா போனை எடுத்தாள்.

“பொட்டி ஓடுதா?”

“இப்பதாண்ணா கம்முனு ஆச்சி. பூஜை முடிஞ்சி புள்ளயும் தூங்கிட்டான்.”

“வாட ஏதாச்சும் வருதா?”

“லேசா அழுகுன முட்ட வாட. எதிர்வூட்டு சௌந்தரம் அக்காகூட வந்து கேட்டாங்க. பொட்டி கத்தலியே, ஒண்ணுமில்லக்கான்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

அவள் குரலுக்குப் பின்னால் செம்பியன் இருமத் தொடங்கினான்.