இரண்டு ஊருக்கும் துண்டு கொடுத்தவர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஓயானாகி சந்திப்பு ரயில் நிலையத்தில் கிடைத்தது. எதிர் நடைமேடையில், அறுபதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரே நின்றார். கையில் துணி சுற்றிய ஒரு இனிப்புப் பெட்டி.

(இங்கே பொது இடத்தில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. ரயிலில் சத்தமாகத் தும்மினாலே நாலு பக்கமும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்போம். அதனால் அன்று எங்கள் நடைமேடை முழுவதும் செல்போனைப் பார்ப்பதுபோல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.)

அவர்களுக்கு இடப்பக்கம் ஒரு ரயில் வந்து போனது. வலப்பக்கம் ஒன்று வந்து போனது. இரண்டிலும் ஏறவில்லை. தலைக்கு மேல் அறிவிப்பு ஓடிக்கொண்டே இருந்ததால் பேச்சு ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. பிறகு என் ரயில் வந்துவிட்டது. அந்த அம்மாள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்ததைத்தான் கடைசியாகப் பார்த்தேன். பாவம், இந்த வயதில் இப்படியா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை ஞாபகம் வைத்திருங்கள். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

2

முதல் வரிக்காக எழுதிப் பார்த்தவை:

"பனி விலகாத அதிகாலையில், வானைத் தொடும் மரங்களுக்கு நடுவே அந்தச் சிற்றூர்..." வேண்டாம். சுற்றுலாத் துறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பிழைப்பில் கை வைத்ததாக.

"சயோகோ பிறந்தது ஒரு மீன் சந்தைக்குப் பின்னால்..." வேண்டாம். அவள் எங்கே பிறந்தால் உங்களுக்கு என்ன? இனி எங்கே இருக்கப் போகிறாள் என்பதுதான் கதை.

"எனக்கு எங்கேன்னாலும் சரி" என்றார் ஹிசாவோ.

இது இருக்கட்டும்.

3

"எனக்கு எங்கேன்னாலும் சரி" என்றார் ஹிசாவோ. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் சொன்ன மாடிக்கே போய் வந்தவர்.

"எங்கேன்னாலும்னா எங்கே?" என்றாள் சயோகோ. பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டியவள். குழம்பிய பதில் அவளுக்கு ஆகாது.

"உனக்கு எது பிடிக்குதோ அது."

டோக்கியோவில் அவர்கள் வீடு ரயில்வே கேட்டுக்கு அடுத்த கட்டடத்தில். கல்யாணமான புதிதில் அந்த வீட்டைப் பார்த்தபோதும் அவர் இதையேதான் சொன்னார். சயோகோ சரி என்றாள். குடிவந்தார்கள். அன்று முதல் கேட் மூடும் மணி கணகணவென்று அடிக்கும்போதெல்லாம் ஹிசாவோ ஒரு பெருமூச்சு விடுவார். ஒரு நாளும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. வெறும் பெருமூச்சு. ஆனால் அந்தப் பெருமூச்சு தன் பெயருக்கு வரும் தபால் என்பது சயோகோவுக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். அமைதியாக, மரமும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கும் ஒரு ஊரில் மிச்ச வாழ்க்கை. அதில் அவளுக்கு இரண்டு யோசனை இல்லை. இந்தத் தடவை தனியாகத் தேர்ந்தெடுக்க மாட்டேன் என்பதிலும் இல்லை. இன்னொரு முப்பது வருடப் பெருமூச்சை அவளால் தாங்க முடியாது.

[இந்த இடத்தில் சயோகோவுக்கு ஒரு நோய் கொடுக்கலாமா என்று யோசித்தேன். மருத்துவர் 'அமைதியான இடம் தேவை' என்று சொல்வார். கதைக்குக் கனம் கூடும். ஒரு பத்தி எழுதியும் விட்டேன். அவள் ஆரோக்கியமாக அண்டா தூக்கும் கையோடு என்னை முறைத்தாள். பத்தியை எடுத்துவிட்டேன்.]

4

இரண்டு ஊர்கள். குசுஹாரா மலையடிவாரத்தில், செமிகாவா ஆற்றங்கரையில். இரண்டிலும் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் குடிவர நினைப்பவர்களுக்கு ஊராட்சியே ஒரு காலி வீட்டை ஒரு வாரம் தருகிறது, வெள்ளோட்டம் பார்க்க.

முதலில் குசுஹாரா. அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. அரிசி ஊறும் சத்தம்கூடக் கேட்கும் என்று சயோகோ நினைத்தாள். ஆனால் கரடி உண்டு. குப்பை போட நாலு வீடு தாண்டிப் போவதானாலும் இடுப்பில் மணி கட்டிக்கொள்ள வேண்டும். ஆள் வருவது தெரிந்தால் கரடி தானே ஒதுங்கிக்கொள்ளும்.

"மணிச் சத்தம் வேண்டாம்னு ஓடி வந்தா, இங்கே நம்ம இடுப்பிலேயே கட்டி விடறாங்களே" என்றாள்.

ஹிசாவோ மணியைக் கட்டிக்கொண்டு குப்பைக்குப் போனார். திரும்பி வர வெகு நேரமானது. ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் அப்போது யோசிக்கவில்லை.*

பிறகு செமிகாவா. வீட்டுக்குப் பின்னால் ஆறு, ஆற்றில் ஒரு தடுப்பணை. தண்ணீர் விழும் சத்தம் நிற்பதே இல்லை. சாயங்காலமானால் கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வேறு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப. சயோகோ பின்வாசலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நாரை ஒன்று வந்து நின்றது, மீன் பிடித்தது, போனது. இதுதான், இதுதான் என்று மனசு அடித்துக்கொண்டது. அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர் "சரி" என்பார். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் விழும் ஒவ்வொரு நொடிக்கும் அவளே பொறுப்பு.

* அதை எழுதும்போது அவர் எங்கே போனார் என்று எனக்கே தெரியாது. பாத்திரங்கள் ஆசிரியரின் கைப்பிடியில் இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

5

துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புது வீட்டுக்குக் குடிபோனால் எதிர் வீடுகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போய், ஒரு கைத்துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து "வந்திருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வணங்கிவிட்டு வருவது இங்கே வழக்கம். ஒரு வார வெள்ளோட்டத்துக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. சயோகோ செய்தாள். ஒரு வாரமானாலும் பக்கத்து வீடு பக்கத்து வீடுதானே, வெறுங்கையோடு எப்படி இருப்பது? இரண்டு ஊரிலும் செய்தாள்.

நான் அந்தத் துண்டுகளைக் கதையில் அழகுக்காகத்தான் வைத்தேன். அவளுடைய மரியாதையைக் காட்ட ஒரு சின்ன விவரம், அவ்வளவுதான். ஆனால் வாங்கிக்கொண்டவர்கள் அதை அழகுக்காக வாங்கிக்கொள்ளவில்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்குத் தெரியும். இந்த அம்மாள் எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு பேருந்தில் போட்டுவிட்டாள்.

முதலில் குசுஹாராவிலிருந்து குரோயிவா ஐயா போன் செய்தார், எதிர் வீட்டுக்காரர்.

"அம்மா, ஊரே சேர்ந்து செய்யற புல்வெட்டுல உங்க ரெண்டு பேரையும் சேர்த்தாச்சு. அரிவாள் கொண்டு வராதீங்க, டோக்கியோ அரிவாள் காகிதம் வெட்டத்தான் லாயக்கு. நான் தர்றேன்."

"ஐயா, நாங்க இன்னும் முடிவு..."

"சாருகிட்ட அப்பவே கேட்டேனே, இங்கதானேன்னு. நல்லாத் தலையாட்டினாரே!"

அதே வாரம் செமிகாவாவிலிருந்து நாகுரா அம்மாள், பக்கத்து வீட்டுக்காரி.

"சயோகோ, என் தோட்டத்துல பாதியை உனக்குன்னு கொத்திப் போட்டுட்டேன். அவரை விதையும் ஊன்றியாச்சு. சீக்கிரம் வா, நத்தை தின்னுடும்."

"அக்கா, அது வந்து..."

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஊன்றினேன். எவ்வளவு தங்கமா தலையாட்டறார்!"

சயோகோ போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"ரெண்டு ஊருலயும் தலையாட்டிட்டு வந்தீங்களா?"

"கேட்டாங்க."

"கேட்டா?"

"ஆசையாக் கேட்டாங்க, சயோ. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

வெளியே ரயில்வே கேட் மணி அடித்தது. ஹிசாவோ பெருமூச்சு விட்டார். சயோகோ எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். இருப்பதிலேயே நல்ல பயற்றம் இனிப்புப் பெட்டியாக ஒன்று வாங்கினாள். மன்னிப்புக் கேட்கப் போகும்போது கொண்டு போவது அது. ஒன்றுதான் வாங்கினாள்.

6

ஓயானாகியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. அந்த ஒரே நடைமேடையின் இடப்பக்கம் செமிகாவா ரயில், வலப்பக்கம் குசுஹாரா ரயில். சயோகோ நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"பிடிங்க. எந்த ஊர் வேண்டாமோ அந்த ஊருக்குப் போய் இதைக் கொடுத்து, தலை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

"நீ வரல?"

"நான் வந்தா, நான் ஏறின ரயில்லதானே நீங்க ஏறுவீங்க? வரல. இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

"சயோ, உனக்கு எது..."

"அதை முடிக்காதீங்க."

அவர் முடிக்கவில்லை. நின்றார். ஒரு ரயில் வந்து கதவு திறந்து மூடியது. எதிர்ப்பக்கம் இன்னொன்று. அவர் இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாகப் பெட்டியை ஏந்திக்கொண்டு நின்றார். சயோகோவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. எழுந்து போய், கொடுங்கள் நானே போகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

7

இந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு நிறைய நாள் பிடித்தது. இங்கே என்ன செய்ய வேண்டும் என்பது இந்த மாதிரிக் கதை எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். நானும் எழுதினேன்:

[அடித்தது: ஹிசாவோ எந்த ரயிலில் ஏறினார்? அதை நான் சொல்லப் போவதில்லை. வாசகரே, முடிவு உங்கள் கையில். உங்களுக்கு எது பிடிக்குமோ அதுவே]

'அதுவே' வரைதான் எழுத முடிந்தது. பெஞ்சிலிருந்து சயோகோ என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"இல்லம்மா, வாசகர்களுக்கு ஒரு சுதந்திரம்..."

"உங்களுக்கு எது பிடிக்குமோ அதுவா? இதையேதானே இந்த மனுஷன் முப்பது வருஷமா சொல்றாரு! நீங்களும் இவர் கட்சியா? முடிவு சொன்னா நாளைக்கு நாலு பேர் குறை சொல்வாங்கன்னு பயம். அதுக்கு அழகா சுதந்திரம்னு பேரு. படிக்கிறவங்க மடியில பெட்டியை வெச்சுட்டு நைசா நழுவப் பாக்கறீங்க."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆமாம், பயம்தான். செமிகாவா என்று எழுதினால் மலைப்பிரியர்கள் திட்டுவார்கள். குசுஹாரா என்று எழுதினால் ஆற்றுப்பிரியர்கள். மேலே அந்த வரிகளை அடித்துவிட்டேன், பார்த்திருப்பீர்கள்.

அடித்த கையோடு ஹிசாவோ வாய் திறந்தார்.

8

"செமிகாவா" என்றார்.

"என்ன செமிகாவா?"

"பெட்டி செமிகாவாவுக்கு. எனக்கு அந்த ஊர் வேண்டாம்."

சயோகோவுக்குக் கண்முன் வந்து போனவை: நாரை, தண்ணீர், பின்வாசல்.

"ஏன்?"

"அணைச் சத்தம் எனக்கு ஒத்துக்கல. அங்கே இருந்த வாரம் பூரா தூக்கமே இல்ல."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ அந்த ஆத்தையே பாத்துட்டு உட்கார்ந்திருந்தே. முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? எப்படிச் சொல்றது?"

"அப்போ எனக்கு அந்த ஊர்தான் பிடிச்சிருக்குன்னு தெரியும்!"

"தெரியும்."

"தெரிஞ்சும் வேண்டாங்கிறீங்களா?"

"நீதானே சொல்லச் சொன்னே!" ஹிசாவோ கத்தினார். ஓயானாகி நடைமேடையில், நட்டநடுப் பகலில், அந்த மனிதர் கத்தினார். தன் குரலைக் கேட்டுத் தானே ஒரு அடி பின்வாங்கினார்.

"குசுஹாராவுல கரடி வரும்!"

"மணி கட்டிக்கறேன்!"

"மணி வேண்டாம்னுதானே வீட்டையே மாத்தறோம்!"

"அது கேட் மணி! யாரோ அடிப்பான், நான் நின்னு கேக்கணும். இது என் இடுப்புல நான் அடிக்கிற மணி! அன்னிக்குக் குப்பை போடப் போனேன்ல? அந்தக் காட்டு வழியா ஆட்டிக்கிட்டே போயிட்டு வந்தேன். நல்லா இருந்துச்சு, சயோ. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு!"

இடப்பக்கம் செமிகாவா ரயில் வந்தது. இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சயோகோவுக்குக் கோபம் கொதித்தது. எந்த ஊரை மனசுக்குள் வைத்துக்கொண்டு இத்தனை நாள் வாயைப் பூட்டியிருந்தாளோ அதையே வேண்டாம் என்கிறார். அந்தக் கோபத்துக்கு நடுவில், இத்தனை வருடத்தில் கண்டிராத ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்தது. எதிரே ஒரு ஆள் இருக்கிறார். வேண்டும் என்கிறார், வேண்டாம் என்கிறார். மோதிப் பார்க்க ஒரு ஆள்.

"நான் விட மாட்டேன்" என்றாள்.

"நானும்தான்."

வலப்பக்கம் குசுஹாரா ரயில் வந்தது, போனது. அவள் எட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

"உட்காருங்க. நின்னுக்கிட்டே சண்டை போட்டா முட்டி வலிக்கும் உங்களுக்கு."

அவர் உட்கார்ந்தார். பெட்டியை நடுவில் வைத்தார்கள்.

9

எதிர் நடைமேடையில் என் ரயில் கிளம்புகிறது. 'பாவம்' என்று சொன்னேன் அல்லவா? அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அவர்கள் எந்த ஊருக்குப் போக வேண்டும்? நழுவ மாட்டேன். நான் சயோகோ பக்கம். செமிகாவாதான். அவரை விதை ஊன்றியாகிவிட்டது, நத்தைக்கு விட முடியாது. அணைச் சத்தத்துக்கு ஹிசாவோ காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். இதை அவரிடம் சொன்னால் என்னையும் பார்த்துக் கத்துவார், கத்தட்டும்.

இல்லை, அந்த மனிதர் முதல்முறையாக வாய் திறந்து கேட்டது குசுஹாராதான், அதைத் தட்டலாமா என்கிறீர்களா? வாருங்கள், உட்கார்ந்து சண்டை போடுவோம். எங்கேன்னாலும் சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.