பதினெட்டுக் கட்டச் சொல்

அச்சகத்தில் அவளுக்குப் 'பல்லி' என்று பெயர் வைத்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் பைண்டிங் பகுதி வரை பரவிவிட்டது.

பன்னிரண்டு வருஷம் அதே அச்சகத்தின் வாசல் மேசையில் உட்கார்ந்து ஃபோன் எடுத்தவள் அவள். கண் தெரியாதவர்களுக்கு ஃபோனை விட்டால் வேறு என்ன வேலை இருக்கிறது என்று ஊர் உலகத்துக்கே ஓர் அபிப்பிராயம். அதோடு மல்லுக்கட்டித்தான் மெய்ப்புத் திருத்தும் மேசைக்கு ஒரு மாதச் சோதனையில் வந்திருந்தாள். வந்த இரண்டாவது வாரமே சறுக்கல். ஒரு பள்ளியின் ஆண்டு மலரில், 'எங்கள் பல்லியில் ஆயிரத்து இருநூறு மாணவர்கள் படிக்கிறார்கள்' என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டாள். அச்சுக்குப் போகிற நேரத்தில் அது மேலாளர் கண்ணில் பட்டது.

மேலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. திங்கக்கிழமை மலரோட மீதிப் பக்கமெல்லாம் வருது. அதுல ஒண்ணு தப்பிச்சாலும் பழைய இடத்துக்கே போயிடுங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

யாருக்கு நிம்மதி? வீடு வந்து சேரும் வரைக்கும் அந்தச் சொல்லையே மென்றுகொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் மடியில் பிரெய்ல் நோட்டேக்கர். ஒரு புத்தகம் அளவுக்கு இருக்கும் கருவி. மேலே புள்ளி எழுத்தைத் தட்ட விசைகள். முன்பக்கம் இருபது கட்டங்கள். கோப்பில் இருக்கிற எழுத்தெல்லாம் அந்தக் கட்டங்களில் சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பி விரலுக்குத் தட்டுப்படும்.

"அண்ணி, கையிலயே படிக்கிற பெட்டிய வச்சுக்கிட்டு எப்படி அண்ணி பள்ளி பல்லியாச்சு?"

நாத்தனாருக்கு நாக்கில் எப்போதும் மிளகாய்தான். ஆனால் கேள்வி நியாயமானது.

"கையால எங்கடி படிச்சேன்? காதால கேட்டேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கருவி படித்துக் காட்டும். அந்தக் குரலுக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரு வித்தியாசமும் காட்டாது. விரலுக்கோ அப்படி இல்லை. பிரெய்லில் ல என்றால் கட்டத்தின் இடப்பக்கம் மூன்று புள்ளி. ள என்றால் வலப்பக்கம் மூன்று புள்ளி. குழந்தைகூடத் தடவிச் சொல்லிவிடும்.

"அப்போ ஏன் கையால படிக்கல?"

"படிக்க விட்டாத்தானே இது!"

அப்புறம் அவள் அடுக்கினாள் பாருங்கள், கருவி வாங்கிய நான்கு வருஷத்துக் கோபத்தை. கர்சர் நிற்கிற கட்டத்தில் எல்லாப் புள்ளியும் எழும்பி எழும்பி விழும், அடியில் என்ன எழுத்து என்றே தெரியாது. இருபது கட்டத்தில் முதல் நான்கை எத்தனையாவது பக்கம், எத்தனையாவது வரி என்ற கணக்கு பிடித்துக்கொள்ளும். ஓர் எழுத்தை அழித்தால், "அழிக்கவா? உறுதியா?" என்று மாமியார் மாதிரி ஒவ்வொரு தடவையும் கேட்கும். இத்தனை தொல்லைக்கு விரலை எடுத்துவிட்டுக் காதைக் கொடுப்பதே மேல் என்று எப்போதோ பழகிவிட்டாள்.

"இதையெல்லாம் யாரு வச்சது?"

"இதை வித்த கடைக்காரர். 'எல்லா வசதியும் ஆன் பண்ணிக் கொடுத்திருக்கேன் மேடம், எதையும் தொட்டுடாதீங்க'ன்னாரு."

"நீங்களும் தொடல! தொட்டுப் படிக்கிற ஆளு, தொடாதேன்னதும் கையைக் கட்டிக்கிட்டீங்க!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவளுக்கு அழுகை வருகிறாற்போல் இருந்தது. நான்கு வருஷம்! சொந்தக் கருவிக்குள் வாடகைக்கு இருந்திருக்கிறாள்.

மெனுவைத் திறந்தாள். உள்ளே போனால் மெனுவுக்குள் மெனு. முதலில் பேச்சை நிறுத்தப் போய், பேச்சு நிற்காமல் இரண்டு மடங்கு வேகத்தில் கத்தியது. நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு தடவை மொழியே மாறி, விரலுக்கடியில் என்னென்னவோ வந்தது. எல்லாம் போச்சோ?

"விட்டுடுங்க அண்ணி, நாளைக்கு வேலை இருக்கு."

"நாளைக்கு வேலை இருக்குன்னுதான்டி பண்றேன்."

வந்த வழியே திரும்பிப் போய் மறுபடி ஆரம்பித்தாள். துணி மடித்து முடிவதற்குள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. பேச்சு நின்றது. கர்சர் துள்ளலை விட்டு, எழுத்துக்கு அடியில் இரண்டே புள்ளியாக அசையாமல் நின்றது. 'உறுதியா?' ஒழிந்தது. கடைசியில் பக்கக் கணக்கையும் மறைத்தாள். நான்கு கட்டமும் திரும்பி வந்ததும் விரல்கள் இருபதிலும் ஓடிப் பார்த்தன, அடைத்துக் கிடந்த அறையைத் திறந்துவிட்டதுபோல.

திங்கட்கிழமை நாற்பத்தாறு பக்கம் வந்தது. மதியத்துக்குள் முடித்தாள். பிழை தட்டுப்பட்டதும் அந்தக் கட்டத்துக்கு மேலிருக்கும் பொத்தானை ஓர் அழுத்து. கர்சர் அங்கே குதித்துவிடும். அழி, தட்டு, நகர். ஐம்பத்து மூன்று பிழை. விரல் நுனி சூடேறிக் கிடந்தது, மனசு குளுகுளு என்றிருந்தது.

"அட்டை எங்க?" என்று கணினியில் பக்கம் கட்டுகிறவரைக் கேட்டாள்.

"அட்டைய சாரே மூணு தடவை பார்த்து ஓகே பண்ணிட்டாரு. இப்ப மெஷினுக்குப் போகுது."

"அனுப்புங்க, நானும் ஒரு தடவை பார்த்துடறேன்."

"சார் பார்த்ததை நீங்க…" என்று இழுத்தவர், என்ன நினைத்தாரோ, அனுப்பிவிட்டார்.

பின்னட்டையில் தலைமை ஆசிரியரின் அழைப்பு. 'விழாவுக்குப் பெற்றோர் அனைவரையும் வருமாறு அன்புடன்' வரை ஒரு குறையும் இல்லை. அடுத்த வரியில் ஒரே சொல். பிரெய்லில் சரியாகப் பதினெட்டுக் கட்டம் பிடிக்கிற சொல். நேற்று வரை பதினாறு கட்டத்தில் அடங்காமல் பாதியில் முறிந்து வந்திருக்கும்; இன்று முழுசாக விரலுக்கடியில் படுத்திருந்தது. தடவிக்கொண்டே போன விரல் பன்னிரண்டாவது கட்டத்தில் நின்றது. வலப்பக்கம் நிற்க வேண்டிய மூன்று புள்ளியும் இடப்பக்கம் நின்றன.

திரும்பத் தடவினாள். அதேதான்.

"சார், மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

மேலாளர் வந்தார். "என்னம்மா? அட்டையில என்ன இருக்கப் போகுது?"

"கடைசிச் சொல்லைக் கொஞ்சம் எழுத்துக்கூட்டிப் படிங்க சார்."

"அனைவரையும் வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்…" குரல் நின்றது. "கேட்டுக்… கொல்கிறோம்."

பக்கம் கட்டுகிறவர்தான் முதலில் வெடித்தார். "ஆயிரத்து இருநூறு பேரோட அப்பா அம்மாவையும் அன்போட கொல்றாங்க சார்!"

"மூணு தடவை பார்த்தேனே," என்றார் மேலாளர். குரலில் காற்றே இல்லை.

"பார்த்தீங்க சார். பழகின சொல், கண்ணு தாண்டிப் போயிடும். விரல் தாண்டாது."

சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். ஒன்றை அழித்தாள், ஒன்றைத் தட்டினாள். ஒரு 'உறுதியா?'வும் இல்லை. அவளுக்கு உறுதியாகத்தான் இருந்தது. இத்தனை சந்தோஷம் அந்த அச்சகத்தில் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அப்போது வாசல் மேசையில் ஃபோன் அடித்தது. எடுக்க ஆள் இல்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம், எல்லோரும் பேச்சை நிறுத்தி அவள் பக்கமே திரும்பியதை அவள் உணர்ந்தாள். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் அசையவில்லை. விரல்கள் அடுத்த வரிக்குப் போயின.

"யாராவது அந்த ஃபோனை எடுங்களேன். வேலையா இருக்கேன்ல?"

காலணிச் சத்தம் வாசல் பக்கம் விரைந்தது. மேலாளருடையது.

"வணக்கம்… ஆமாங்க… இருங்க, கேட்டுச் சொல்றேன்." அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஸ்கூல்லேருந்து பேசறாங்கம்மா. மலரை அச்சுக்கு விடலாமான்னு கேக்கறாங்க. என்ன சொல்ல?"

அவள் கடைசி வரியைத் தடவி முடித்தாள்.

"விடலாம்னு சொல்லுங்க சார்."