விடைப் புத்தகம் இல்லாத லத்தீன்

மே மாதக் கடைசியில் ஹவெர்கம்ப் வீட்டுப் பிள்ளைகள் முதல் லத்தீன் புத்தகத்தை முடித்தார்கள். பத்து வயது ஏமஸ் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சமையலறையைச் சுற்றி ஓடினான். பன்னிரண்டு வயது லின்னேயா பெரிய மனுஷிபோல் கைதட்டினாள். பாடம் சொல்லிக்கொடுத்த அம்மா கொரின் மட்டும் கைதட்டவில்லை.

அவளுக்கு லத்தீன் தெரியாது என்பதுதான் விஷயம். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் அம்மாக்கள் எல்லாரும் லத்தீன் சொல்லிக்கொடுக்கிறார்களே என்று அவளும் ஆரம்பித்திருந்தாள். பிள்ளைகளைவிட ஒரு பக்கம் முன்னால் படித்துவைப்பாள். மாட்டிக்கொண்டால், அடுப்பைப் பார்க்கப் போகிறவள்போல் எழுந்துபோய் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கும் விடைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வருவாள்.

"அடுத்து எந்தப் புத்தகம் வாங்குறதுன்னே தெரியல" என்றாள் கணவன் கில்லிடம்.

"வாங்காமலே விட்டுடேன். இந்த ஊர்ல லத்தீன் பேச யார் இருக்கா? நம்ம மாடுங்களா?"

"பாதியில விட்டா பிலிப்பா என்ன நினைப்பாங்க?"

"ஓ! அப்ப பாடம் பிள்ளைங்களுக்கு இல்ல, பிலிப்பாவுக்கு."

பிலிப்பா ஆஸ்டர்கிரேன் அந்த அம்மாக்கள் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. அவள் மகன் தாடியஸ் லத்தீன் தேர்வில் மெடல் வாங்கியவன். அதைத் தாடியஸ்கூட அவ்வளவு தடவை சொல்லமாட்டான், பிலிப்பா சொல்லுவாள். கொரின் போன் செய்து யோசனை கேட்டதும் அவள் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொன்னாள்: "சாம்பல் கலர் இலக்கணப் புத்தகம், கண்ணு. அதுல கதை கிடையாது, படம் கிடையாது. மத்ததெல்லாம் சும்மா விளையாட்டு."

கொரின் மூன்று பாடத்திட்டங்களின் மாதிரிப் பக்கங்களை வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்த்தாள். சாம்பல் புத்தகத்தைத் திறந்ததும் ஏமஸ் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டாவது வீடியோ பாடம். தாடிக்காரர் ஒருவர் கிதாரைத் தட்டிக்கொண்டு வினைச்சொற்களைப் பாடினார். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓட, கில்தான் அந்தப் பாட்டில் மாட்டிக்கொண்டான். டிராக்டர் கொட்டகையில் "அமோ, அமாஸ், அமாட்" என்று நாள் முழுக்க அவன் பாடுவது கேட்டது.

மூன்றாவது, கதைப் புத்தகம். ஒரு செனட்டரின் டோகாவை, அதாவது ரோமானியப் பெரிய மனிதர்கள் உடம்பில் சுற்றிக்கொள்ளும் வெள்ளைத் துணியை, ஒரு பன்றி திருடிப் போர்த்திக்கொண்டு ஊர்வலம் போகிறது. பொது நீச்சல் குளத்துக்குள் பன்றி நுழையும் இடத்தில் மாதிரிப் பக்கங்கள் தீர்ந்துபோயின.

"அப்புறம்?" என்று கத்தினான் ஏமஸ். "அம்மா, அப்புறம் என்னாச்சு?"

"எனக்கெப்படிடா தெரியும்?"

"நீதானே டீச்சர்!"

பிள்ளைகள் அந்தப் பக்கங்களையே தேயத் தேயப் படித்தார்கள். கொரினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாகப் படித்தால் அது எப்படிப் படிப்பாகும்? சாம்பல் புத்தகமே என்று முடிவுகட்டி, சனிக்கிழமை லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடந்த பழைய பாடப்புத்தக விற்பனைக்குப் பிள்ளைகளோடு போனாள்.

வாசலிலேயே பிலிப்பா நின்றாள், பக்கத்தில் தாடியஸ். அன்று அவள் தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு பெரிய வெள்ளைச் சால்வையைச் சுற்றியிருந்தாள். ஏமஸ் அவளை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் அக்காவிடம் கணீரென்று சொன்னான்:

"டோமினா டோகம் போர்க்கி கெரிட்."

இந்த அம்மா பன்றியோட டோகாவைப் போட்டுக்கிட்டிருக்காங்க.

கொரினுக்கு முகம் வெளுத்தது. அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது: தனக்கு அது புரிந்துவிட்டது! விடைப் புத்தகம் இல்லை, அகராதி இல்லை. தமாஷ் நேராகக் காதில் நுழைந்து மண்டையில் ஏறியிருக்கிறது. மகனை உதைப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள்.

பிலிப்பாவோ பூரித்துப்போனாள். "எவ்வளவு அழகான உச்சரிப்பு! என்ன சொல்றான் குழந்தை?"

"உங்க சால்வை... ரோமாபுரி மாதிரி கம்பீரமா இருக்காம்."

தாடியஸ் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் அடங்காமல் மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்தது. பிலிப்பா மகனைப் பார்த்தாள், கொரினைப் பார்த்தாள். கழுத்திலிருந்து காது வரை சிவந்தாள்.

"கொரின், இங்க வா" என்று காபி மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "நிஜத்தைச் சொல்லு. என்னமோ பன்னின்னு சொன்னான்தானே? போர்க்... போர்க்னு காதுல விழுந்துச்சு."

"மன்னிச்சிடுங்க, பிலிப்பா. வீட்டுக்குப் போனதும் அவனை நான்..."

"அது கிடக்கட்டும். உனக்கு எப்படிப் புரிஞ்சுது?" பிலிப்பா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஆறாவது பாடத்துலயே மண்டை காஞ்சிடுச்சு. தாடியஸ் தானா படிச்சுக்கிறான். நான் பக்கத்துல உக்காந்து தலையை மட்டும் ஆட்டுவேன்."

கொரின் தன் மாவு டப்பா ரகசியத்தைச் சொன்னாள். இருவரும் காபியைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்குள் பின்னாலிருந்து தாடியஸின் குரல் கேட்டது: "எந்தப் பன்னி? முதல்லேருந்து சொல்லுங்கடா!"

பன்றிப் புத்தகம் மூலை மேசையில் ஒரே ஒரு பிரதி கிடந்தது. விடைப் புத்தகம் காணோம். கொரின் தயங்கினாள். பிறகு கையில் எடுத்திருந்த சாம்பல் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டாள்.

திங்கள்கிழமை காலை சமையலறை மேசையில், மாதிரிப் பக்கங்கள் விட்ட இடத்திலிருந்து, நாலாவது அத்தியாயத்தைத் திறந்தார்கள். முதல் வரி: "போர்க்குஸ் கோக்விட்டுர்."

"பன்னி சமைக்குது!" ஏமஸ் குதித்தான். "சமையல்காரனா வேலைக்குச் சேர்ந்துடுச்சு!"

லின்னேயா நெற்றியைச் சுருக்கினாள். "கடைசில 'உர்'னு இருக்கு பாரு. 'கோக்விட்'டுன்னாதான் சமைக்குது."

"'உர்' சும்மா அழகுக்கு!"

"அம்மா, நீ சொல்லு."

இரண்டு ஜோடிக் கண்கள் அவள்மேல் நின்றன. அடுப்பைப் பார்க்கப் போய்ப் பிரயோஜனமில்லை. கொரினுக்கு விடை தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாமே என்றிருந்தது.

"கண்ணா," என்றாள் மெதுவாக, "பன்னி சமைக்கல. பன்னியைச் சமைக்கிறாங்க."

ஏமஸ் நம்பவில்லை. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போனான். செயப்பாட்டு வினை முழுவதையும் பன்றியைக் காப்பாற்றுவதற்காகவே அன்று அவன் கற்றுக்கொண்டான். 'உர்' வருகிற ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் குத்திக் குத்திப் பார்த்தான். இடையிடையே மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. லின்னேயாவும் பொறுக்கமாட்டாமல் அகராதியோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு வேளை நெருங்கியபோது வீடு அதிர ஒரு கூச்சல்.

"ஆலியுஸ்! ஆலியுஸ் போர்க்குஸ்! அம்மா, அது வேற பன்னி! நம்ம பன்னி ஜன்னல் வழியா ஓடிப்போயிடுச்சு!"

"அப்படியா? நல்லா பாத்தியா?" கொரினும் ஓடிப்போய் வரியைப் படித்தாள். ஆமாம், வேறு பன்றிதான். அவளுக்கே நிம்மதிப் பெருமூச்சு வந்தது.

"பசிக்குதும்மா" என்றான் ஏமஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கொரின் சமையலறைக்குத் திரும்பினாள். ரொட்டிக்கு நடுவில் வைக்க வெட்டிவைத்திருந்த பன்றி இறைச்சித் துண்டுகள் தட்டில் அடுக்காக இருந்தன. ஒரு கணம் அவற்றைப் பார்த்தாள். தட்டை மூடி ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில் பால் டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மக்ரோனிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தாள்.