முதல் செவ்வாய் சைரன்

மனித குலம் இதுவரை கட்டியவற்றிலேயே பத்திரமானது மிசிசிப்பிக் கரையில் நிற்கும் எங்கள் அணுமின் நிலையம்தான். குழந்தையின் தொட்டில்கூட அதற்கு அடுத்தபடிதான். வெர்லின் ஹோல்ட் இதைச் சிரிக்காமல் சொல்வார். முப்பத்தோரு வருடம் அங்கே குழாய் பொருத்தியவர் என்பதால் ஊரும் சிரிக்காமல் தலையாட்டும்.

தலையாட்டாதவர் அவர் மனைவி ட்ரூடி மட்டுமே. நிலையத்துக்குக் கீழே நாலு மைல் தள்ளி, அதே ஆற்றிலிருந்துதான் ஊருக்குக் குடிதண்ணீர் வருகிறது. மாதத்தின் முதல் செவ்வாய், காலை பத்து மணிக்கு அபாய சைரனை ஊதிப் பார்ப்பார்கள். காப்பிக் கோப்பையிலிருந்து யாரும் முகத்தை எடுப்பதில்லை. ட்ரூடி மட்டும் எழுந்து ஜன்னல்களைச் சாத்துவார். சமையலறைக் குழாயை இறுக்கி மூடுவார். கதிர்வீச்சு கசிந்தால் கழுத்துச் சுரப்பியைக் காக்க அரசாங்கம் இலவசமாகத் தந்த அயோடின் மாத்திரைகளை ஆளுக்கொன்றாக இரண்டு சாசர்களில் வைப்பார். விழுங்க அல்ல, பழக.

"அது சும்மா சோதனைடி. பேப்பர்லயே போட்டிருக்கான்."

"நானும் சோதனைதான் பண்றேன்."

"அப்ப எனக்குப் புதினா மிட்டாயா வை."

"வெர்லின், ஆத்துல எதுவும் ஒழுகலையே?"

"ஒரு சொட்டு இல்ல."

ஒழுகியிருந்தது. நிலையத்தில் மண்ணுக்கடியில் கதிரியக்கத் தண்ணீர் ஓடிய பழைய குழாய் ஒன்று. எத்தனை நாளாக ஒழுகியது என்று யாருக்கும் தெரியாது. வெர்லின்தான் குழிக்குள் இறங்கி அடைத்தார். அனுமதித்த அளவுக்குள்தான் என்றார் மேலதிகாரி. அனுமதித்தது யார் என்று வெர்லின் கேட்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

பிறகு ட்ரூடியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது.

"ஆத்துத் தண்ணியாலதான்னும் சொல்ல முடியாது, அதால இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இதைச் சொல்ல அவர் பன்னிரண்டு வருடம் படித்திருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ட்ரூடி மறுபடி கேட்டார். குரல் பாதி போயிருந்தது.

"கோவமில்ல. தெரிஞ்சாப் போதும். ஒழுகிச்சா?"

"ஒரு சொட்டு இல்ல."

ட்ரூடி அவர் கையைப் பார்த்தார். அது காது மடலைத் தடவிக்கொண்டிருந்தது.

"நாப்பது வருஷமா பொய் சொன்னா காதைத் தடவுற, கிழவா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. ஏப்ரலில் அடக்கம் செய்தார்கள்.

மே மாதம் முதல் செவ்வாய். பத்து மணிக்கு சைரன் ஊதியது. பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தைக்கூட நிறுத்தவில்லை. வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தார். குழாயை இறுக்கினார். இரண்டு சாசர்களை எடுத்து, மாத்திரை ஒவ்வொன்றாக வைத்து, ஒன்றை எதிர் நாற்காலிப் பக்கம் நகர்த்தினார்.

"ஒழுகிச்சு, ட்ரூடி."

கை காதுக்குப் போகவில்லை.

ட்ரூடியின் நாற்காலிப் பக்கத்து ஜன்னல் இன்னும் திறந்திருந்தது. எழுந்து போய், சத்தம் வராமல், அதைச் சாத்தினார்.