தட்டின் வலது பாதி

பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பதினோரு நாளாயிற்று. தையல் கடையைப் பூட்டிவிட்டுப் பெற்றோர் வீட்டோடு வந்துவிட்ட மகளுக்கு அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. அப்பா இடது கையால் ஸ்பூனைப் பிடித்து, எதை வைத்தாலும் பாதி தின்றுவிட்டு நிறுத்திவிடுவார். உப்பைக் குறைத்துப் பார்த்தாள், காயை மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் வேலைக்காகவில்லை. அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து அம்மா கெஞ்சினாலோ, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"முப்பத்தஞ்சு வருஷம் கூடவே இருந்தாச்சு. இப்ப என்மேல என்னடி கோபம் இவருக்கு?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எதிரே ஸ்டூலில் தம்பி. முப்பது வயது, பார்சல் கிடங்கில் வேலை. ஆட்டிசம் என்று சின்ன வயதிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா விழுந்த நாளிலிருந்து அவன் அழவுமில்லை, ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவுமில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு டாண் என்று வந்து உட்காருவான், பார்ப்பான், போய்விடுவான்.

"வேடிக்கையாடா பாக்குற? மனசுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" அக்கா வெடித்தாள்.

சத்தம் அவனுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு, சுவரோரம் போய்க் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் அசைந்தபடி நின்றான். பிறகு வந்து, அப்பாவின் தட்டைப் பாதி சுற்றுத் திருப்பி வைத்தான்.

அப்பா குனிந்து பார்த்தார். இப்போதுதான் சோறு பரிமாறியதுபோல மறுபடி ஆரம்பித்தார். தட்டு காலி.

"அவருக்கு வலது பக்கம் தெரியலக்கா. இடது பக்கம் முட்டை இருந்தா முட்டைய சாப்பிடறார், காய் இருந்தா காய். பிடிக்காம இல்ல."

"ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"நிச்சயமாத் தெரியல. ரெண்டு நாள் நீ எல்லாத்தையும் பிசைஞ்சு வெச்சுட்ட. எந்தப் பக்கம் எதுன்னு பாக்க முடியாம அந்த ரெண்டு நாளும் வீணாப் போச்சு."

சொல்லிக்கொண்டே அம்மாவின் நாற்காலியை அப்பாவுக்கு இடப்பக்கம் இழுத்துப் போட்டான். "இங்க உக்காரும்மா."

அம்மா உட்கார்ந்தாள். அப்பா எங்கோ ஊருக்குப் போனவள் திரும்பி வந்ததுபோல அவளைப் பார்த்தார். ஸ்பூன் கீழே விழ, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா ஸ்பூனை எடுத்துக் கழுவும் சாக்கில் சமையலறைக்குப் போய் அழுதாள். திரும்பி வந்து, "கத்தினது தப்புடா" என்றாள். "சரி" என்றான்.

மறுநாள் டாக்டர் விரலை ஆட்டிச் சோதித்துவிட்டு, இரண்டு கண்ணிலும் வலப்பக்கப் பார்வை போயிருப்பதையும், குரல் கேட்டாலும் அந்தப் பக்கம் கவனம் திரும்பாததையும் உறுதி செய்தார். பொருள்களை இடப்பக்கம் வையுங்கள், மெல்ல மெல்லத் தலையைத் திருப்பிப் பழக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவும் தம்பியும் தண்ணீர் ஜாடி, டிவி, மருந்து எல்லாவற்றையும் இடம் மாற்றினார்கள். மிஞ்சியது கட்டில்; அதில் படுத்தால் அறை வாசல் அவருக்கு வலப்பக்கம். படுத்திருந்த அப்பாவோடு சேர்த்து நகர்த்திவிடலாம் என்று அக்கா விளிம்பில் கை வைத்தாள்.

"இரு. முதல்ல அவர்கிட்ட சொல்லணும்."

தம்பி சுற்றிக்கொண்டு அப்பாவின் இடப்பக்கம் போய் நின்றான். அவன் பார்வை என்னவோ தலையணைமேல்தான் இருந்தது.

"அப்பா, கட்டிலத் திருப்பப் போறோம். இனிமே யார் உள்ள வந்தாலும் உங்களுக்குத் தெரியும்."

அப்பா தலையசைத்தார்.